‘மாற்றம்’ போதாது: விழித்திரைப் புரதங்களுக்கு ஒரு கலைச்சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

மொரீஷியஸின் கத்ர் போர்னில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக விழித்திரை நோய்களைப் பற்றி எழுதிவரும் பாடக்குறிப்பில் ஒரு சொல் என்னை இடறுகிறது. அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டு உருவான புரதத்தின்மீது சர்க்கரையோ கொழுப்போ பாஸ்பேட்டோ ஒட்டப்படுவதையும், சில வேளை அதன் ஒரு துண்டு நறுக்கப்படுவதையும் ‘மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய மாற்றம்’ என்று எழுதுகிறோம். (மரபணுச் செய்தியைப் படித்துச் செல் புரதத்தைக் கோப்பதையே உயிரியலில் ‘மொழிபெயர்ப்பு’ என்கிறார்கள்.) பிரெஞ்சிலும் ‘த்ரதுக்சியோன்’ என்றே படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, “எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, ஐயா?” என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். ஆயினும் எனக்குப் பெரிய இடர் ‘மாற்றம்’ என்பதில்தான் இருக்கிறது.

மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரையின் கோல் செல்களில் ஒளியை உணரும் ரோடாப்சின் என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். மனிதனிடத்தில் 348 அமினோ அமிலங்களைக் கொண்ட இப்புரதத்தில் 2ஆம், 15ஆம் இடங்களிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின்மீது சர்க்கரைத் தொடர் ஏற்றப்படுகிறது. அதை ஏற்றும் நொதி அஸ்பராஜினை மட்டும் பார்ப்பதில்லை. அதிலிருந்து இரண்டாம் இடத்தில் செரினோ திரியோனினோ இருக்கிறதா என்றும் பார்க்கும். மரபணுப் பிழையால் 17ஆம் இடத்துத் திரியோனின் மெத்தியோனினாகிவிட்டால், 15ஆம் இடத்தில் சர்க்கரை ஏறுவதில்லை. புரதம் சரிவர மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்க, கோல் செல்கள் காலப்போக்கில் சாகின்றன. முதலில் மாலைக்கண், பிறகு பக்கப்பார்வை சுருங்குதல் என்று நோய் முற்றுகிறது. (இந்நோயைச் சிலர் ‘நிறமி அழற்சி’ என்கிறார்கள். அழற்சி இதன் மூலமன்று. ‘நிறமிச் சிதைவு’ என்பதே தகும்.) இதைப் பழைய சொல்லால் எழுதினால், “17ஆம் இடத்து மாற்றத்தால் 15ஆம் இடத்து மாற்றம் நிகழவில்லை” என்று வருகிறது. எது நோய், எது இயல்பு என்று படிப்பவர் எப்படி அறிவார்?

ஆகவே மரபணுவில் நேர்வதைப் ‘பிறழ்வு’ என்றே வைத்துக்கொண்டு, புரதத்துக்குச் செய்யப்படுவதற்கு வேறு சொல் காண வேண்டும். ‘திருத்தம்’ என்றால் முன்பே தவறு இருந்ததாகப் பொருள்படும். ‘ஏற்றம்’ சர்க்கரைக்கும் பாஸ்பேட்டுக்கும் பொருந்தும். ஆனால் ஒளிச்செய்தியைக் கடத்தும் பாஸ்போடைஎஸ்டரேசு நொதியில் கொழுப்பு வால் ஒட்டப்பட்டதும் கடைசி மூன்று அமினோ அமிலங்கள் வெட்டப்படுகின்றன. வெட்டுவதை ஏற்றம் என்பது எப்படி? குயவர் திகிரியில் வனைவதை எண்ணி, ‘பின்வனைவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அது குறைந்தாலும் செல் சாக வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் கண் மருத்துவர் ஒகுச்சி 1907இல் விவரித்த மாலைக்கண்ணில் ரோடாப்சின்மீது பாஸ்பேட் ஏற்றும் நொதி பழுதுபடலாம். இருளுக்குக் கண் பழக நெடுநேரமாகும், ஆனால் விழித்திரை பெரும்பாலும் சிதைவதில்லை. எனவே நோயின் சாயல் இல்லாத சொல்லே நமக்கு வேண்டும்.

கத்ர் போர்னிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

‘வனைவு’ எனக்கு உடன்பாடே. ‘பின்’ என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. தாங்கள் எடுத்துக்காட்டிய 15ஆம் இடத்துச் சர்க்கரையே, புரதச் சங்கிலி இன்னும் நீண்டுகொண்டிருக்கும்போது, செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான அகப்பிளாசவலையில் ஏற்றப்படுகிறது. முடிந்தபின் நடப்பதென்று பெயரிலேயே சொல்லிவிட்டால், தங்கள் முதல் உதாரணமே தங்கள் சொல்லுக்குள் அடங்காது. வெறும் ‘புரத வனைவு’ என்றாலோ புரத உற்பத்தி என்று கொள்வார்கள்.

‘மேல்வனைவு’ என்று வைக்கலாமா? ‘மேல்வேலை’ என்பதுபோல, அடிப்படை வேலையோடு கூடுதலாகச் செய்யப்படுவது என்ற பொருள் தரும், காலக்கணக்கும் கேட்காது. பாடக்குறிப்பில் இப்படி வரும்: “17ஆம் இடத்துப் பிறழ்வால் 15ஆம் இடத்தில் மேல்வனைவு நிகழவில்லை.” வனைதல் என்ற வினையை நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள் என்பதால், முதல் முறை வருமிடத்தில் பானையைச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து