சைகோன் 1975: ஆட்சி மாறிய பிறகும் மூன்று வருடம் கடை எப்படி ஓடியது?

குருசுக்குப்பத்தான்:
எங்கள் தாத்தா வியட்நாமில், சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர், பிரெஞ்சு நேஷனாலித்தே, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை. வீட்டில் யாரைக் கேட்டாலும் "கம்யூனிஸ்டு வந்தான், கடை போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களைப் பார்த்தால் கடையைக் கணக்கெடுத்துப் பூட்டியது 1978 மார்ச்சில். தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோன் வடக்குக் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தது 1975 ஏப்ரல் 30. நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம் வியாபாரம் நடந்திருக்கிறது. அதோடு வடக்கும் தெற்கும் ஒரே நாடானதே 1976 ஜூலை 2 அன்றுதான் என்கிறார்கள், அப்படியானால் அதுவரை தெற்கை ஆண்டது யார்? போன வருடம் அங்கே போய் வந்த மச்சான் ஊர் முழுக்க ஷாப்பிங் மாலும் தனியார் கடையும்தான் என்கிறார், ஆள்வது அதே கட்சி. இது என்ன கணக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், ப்ளீஸ்.

காலாப்பட்டு வாத்தியார்:
காகிதத்தில் ஆண்டது தெற்கு வியட்நாம் தற்காலிகப் புரட்சி அரசு. 1969இல் கம்யூனிஸ்டு தரப்பு அமைத்தது, பிரதமர் ஹுயின் தான் ஃபாட். சைகோன் நகரத்தைக் கையில் வைத்திருந்தது ஜெனரல் திரான் வான் திரா தலைமையிலான ராணுவ நிர்வாகக் குழு. முடிவெடுத்தது வடக்குத் தலைநகர் ஹனோயில் இருந்த கம்யூனிஸ்டுக் கட்சியின் அரசியல் குழு, அவ்வளவுதான். தெற்கு கொஞ்ச காலம் தனியாக இருக்கும், மெதுவாக இணையும் என்று அந்தத் தற்காலிக அரசிலேயே சிலர் நம்பினார்கள். 1975 நவம்பரில் சைகோனில் ஒரு கூட்டம் போட்டு இணைப்பை முடிவு செய்தார்கள், 1976 ஏப்ரல் 25 தேர்தல், 492 உறுப்பினர், ஜூலையில் நாடு ஒன்று, சைகோனுக்கும் ஹோ சி மின் நகரம் என்று பெயர் வைத்தாயிற்று. அந்த அரசின் நீதி அமைச்சர் துருவோங் நு தாங்கே 1978இல் படகில் ஏறித் தப்பிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை விஷயம். முதலில் பெரிய முதலாளிகள் மீதுதான் கை வைத்தார்கள். 1975 செப்டம்பரில் பணத்தை மாற்றினார்கள், பழைய 500க்குப் புதியது 1, ஒரு குடும்பம் இவ்வளவுதான் மாற்றலாம் என்று வரம்பும் போட்டார்கள். கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் அப்போதே பாதி முடிந்தார்கள். சின்ன, நடுத்தரக் கடைகளை விட்டுவைத்ததற்குக் காரணம் இரக்கமில்லை, சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க அரசிடம் வேறு ஆள் இல்லை. 1978 மார்ச் 23 காலையில் இளைஞர் படைகள் கடைகளைச் சூழ்ந்து சரக்கைக் கணக்கெடுக்க ஆரம்பித்தன, தனியார் வணிகம் ரத்து. முக்கிய அடி சைகோனின் சோலோன் பகுதிச் சீன வியாபாரிகளுக்கு, ஏனென்றால் அரிசி வியாபாரம் பெருமளவு அவர்கள் கையில், கம்போடிய எல்லையில் சண்டை வேறு, சீனாவோடு உறவும் கெட்டுக்கொண்டிருந்தது. உங்கள் தாத்தா அந்த அலையில் சிக்கியிருக்கிறார். மே மாதம் இன்னொரு முறை பணமாற்றம். பிரெஞ்சு பாஸ்போர்ட் கையில் இருந்தது பெரிய அதிர்ஷ்டம், அது இல்லாதவர்கள் கடலில் இறங்கினார்கள்.

முதலியார்பேட்டை தோழர்:
வாத்தியார் ஐயா, எல்லாம் சரி, ஆனால் அந்த நாடு எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் போனால் எப்படி? முப்பது வருடச் சண்டை. 325 கோடி டாலர் மறுசீரமைப்பு உதவி என்று 1973இல் அமெரிக்க அதிபர் நிக்சன் கடிதம் எழுதினார், ஒரு காசு வரவில்லை, 1975இல் தெற்கு மீதும் வர்த்தகத் தடையைப் போட்டார்கள். இன்னொன்றும் நம் புதுச்சேரிக்காரர்கள் பேசுவதே இல்லை. நாம் அங்கே போனது பிரெஞ்சுக்காரனோடு. வரி வசூல், போலீஸ், சிறை வார்டர் என்று காலனி உத்தியோகம், இன்னொரு பக்கம் செட்டியார் வட்டிக்கடை. 1881 சட்டத்தில் கையெழுத்துப் போட்டு ரெனோன்சான் ஆனவர்களுக்கு, அதாவது சொந்தச் சமூகச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு, அங்கே கிடைத்த சலுகை வியட்நாம்காரனுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் அவர்களுக்கு இருக்கக் கூடாதா? நம் புதுச்சேரி சவானா மில் வாசலில் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30 அன்று 12 பேரைச் சுட்டுக் கொன்ற அதே பிரெஞ்சு அரசுதான்.

1978 தவறுதான், நான் மறைக்கவில்லை. அவசரப்பட்டோம் என்று 1986இல் ஆறாவது மாநாட்டில் கட்சியே சொல்லிவிட்டது.

முதுநகர் துறைமுகம்:
கடலூரிலிருந்து. தோழர் சொல்லும் காலனி விஷயம் உண்மை, ஆனால் பழைய ஆட்சிக்காரர்களை அடைத்த மறுகல்வி முகாமில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்தவர்களுக்கு அது பதில் ஆகாது. விசாரணையே இல்லாமல் வைத்திருந்தார்கள்.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். தனியார் வியாபாரத்துக்குக் கதவைத் திறந்தது மேலிருந்து வந்த ஞானோதயம் என்று எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, அரிசிதான் திறந்தது. அரசு வைத்த விலைக்கு மீகாங் டெல்டா விவசாயி நெல் தரவில்லை. அரிசி விளையும் ஊர் பக்கத்திலேயே இருக்க, சைகோன்காரர்கள் அரிசியில் சோளமும் கிழங்கும் கலந்து சாப்பிட்டார்கள். அப்போது நகரக் கட்சிச் செயலாளர் வோ வான் கியட், சட்டத்தை மீறி ஆளனுப்பி விவசாயி கேட்ட விலைக்கே வாங்க வைத்தார். இதற்கு அங்கே வேலியை உடைப்பது என்று பெயர். 1985இல் மறுபடி பணமாற்றம், அது படுதோல்வி, 1986இல் விலைவாசி ஏற்றம் 700 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஜூலையில் கட்சிப் பொதுச் செயலாளர் லே துவான் இறந்தார், டிசம்பரில் அந்தப் பதவிக்கு நுயென் வான் லின் வந்தார், தோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் அறிவிப்பு. 1988இல் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் அரிசி இறக்குமதி செய்த நாடு 1989இல் சுமார் 14 லட்சம் டன் ஏற்றுமதி செய்தது!

வேடிக்கை என்னவென்றால் 1978 கடைப்பூட்டை முன்னின்று நடத்தியவர் தோ முவோய். அதே ஆள் 1991 முதல் 1997 வரை பொதுச் செயலாளர், அவர் காலத்தில்தான் அமெரிக்கத் தடை நீங்கியது, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலும் சேர்ந்தார்கள். ஆள் மாறவில்லை, கொள்கை மாறியது. சோவியத் உதவி நின்றபோது கிழக்கு ஐரோப்பாக் கட்சிகள் போன வழியில் இவர்கள் போகாததற்கு, அதற்குள் வயிற்றுப் பாட்டைத் தீர்த்திருந்தது ஒரு காரணம் என்பேன். அரசியலில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. அரசியல் சட்டம் 4ஆம் பிரிவில் கட்சித் தலைமை எழுதியே இருக்கிறது, வேட்பாளர்களை வடிகட்டுவது கட்சியின் கீழ் இயங்கும் தந்தையர் நாட்டு முன்னணி, நிலம் இன்றும் அரசுடையது, மக்களிடம் இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். 2024இல் நுயென் ஃபூ திராங் இறந்ததும் போலீஸ் துறையில் வளர்ந்த தோ லாம் பொதுச் செயலாளர் ஆனார், ஊர் ஜனத்திடம் யாரும் கேட்கவில்லை.

குருசுக்குப்பத்தான்:
எல்லோருக்கும் நன்றி. தோழர் அண்ணா சொன்னதை எங்கள் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினால் அடி விழும், இருந்தாலும் நன்றி. கடைக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்று மச்சான் சொல்கிறார். நஷ்டஈடு மாதிரி ஏதாவது கேட்க வழி உண்டா?

காலாப்பட்டு வாத்தியார்:
இல்லை தம்பி. 2003இல் வியட்நாம் தேசிய சபை தீர்மானமே போட்டுவிட்டது, 1991 ஜூலை 1க்கு முன் சோஷலிச மாற்றக் கொள்கைகளில் எடுத்த வீடுகளை மறுபரிசீலனை செய்வதில்லை என்று. வக்கீல் யாராவது ஆசை காட்டினால் பணம் கொடுக்காதீர்கள். குடும்ப வரலாறுதான் வேண்டுமென்றால் பிரான்சில் தேடுங்கள், காலனிக்காலக் காகிதங்கள் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில், தூதரகக் காகிதங்கள் நாந்த் ஊரில். தாத்தா பெயரை அந்தக் காலத்தில் பிரெஞ்சில் எப்படி எழுதினார்கள் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள்.