பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழு: ஐயாவோட 70 வயசு சாந்திக் கல்யாண வேலை

உமையாள்: ஐயாவுக்கு மூணு நாளா வெளிக்குப் போகல. இன்னைக்கு முக்கிப் போனதுல ரத்தம். புதன்கிழமை எப்படி மணையில உட்காருவாக?

கண்ணப்பன்: மூலமா?

மெய்யம்மை ஆச்சி: பாக்காம மூலம்னு முடிவு கட்டாதீக. 70 வயசுல ரத்தம்னா டாக்டர் பாத்தே ஆகணும். நாளைக்கே காரைக்குடி கூட்டிப் போங்க. ரத்தம் நிக்கலைன்னாலோ தலை சுத்துனாலோ இப்பவே கிளம்புங்க. இரும்புச்சத்து மாத்திரை போடுறாகளா? அது மலத்தைக் கட்டும்.

உமையாள்: ஆமா ஆச்சி, போன மாசத்துல இருந்து

மெய்யம்மை ஆச்சி: அதை டாக்டர்ட்ட சொல்லு. நீயா நிறுத்தாத.

சோலை: சமையக்காரர் கேக்குறாரு. வெள்ளைப் பணியாரமா, கந்தரப்பமா?

கண்ணப்பன்: ரெண்டும்

மெய்யம்மை ஆச்சி: எல்லாரும் படிங்க. வர்றப்ப அடக்குனா குடல் தண்ணிய உறிஞ்சி மலம் இறுகிப் போகும். முக்குனா ரத்தக்குழாய் வீங்கும், இல்ல ஆசனவாய்த் தோல் கிழியும். அந்த வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவாக, புண்ணு ஆறாது. காலையில பலகாரம், காபி ஆன அரை மணிக்குள்ள குடல் தானா அசையும். அப்பப் போய் உக்காரணும், 5 நிமிஷம் போதும். செல்போன் உள்ள போகக் கூடாது. வெஸ்டர்ன்ல காலடியில அரையடி முக்காலி போடுங்க, முட்டி இடுப்புக்கு மேல வரணும்.

கண்ணப்பன்: மலம் இளக இசப்கோல் பொடி குடுக்கலாமா?

மெய்யம்மை ஆச்சி: டாக்டர் பாத்த பிறகு. ஒரு டீஸ்பூன், முழு டம்ளர் தண்ணி. கலந்ததும் குடிச்சிரணும், வச்சா கூழாயிரும். தண்ணி கம்மியானா அதுவே அடைச்சுக்கும். மத்த மாத்திரைக்கு 2 மணி நேரம் தள்ளி. வயிறு உப்பி வாந்தி வந்தா குடுக்கவே கூடாது.

சோலை: கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு நல்லதுதானே?

மெய்யம்மை ஆச்சி: தவிடு இருக்கு, நல்லது. சீனியக் குறைக்கச் சொல்லு. மதியம் கீரை, வாழைத்தண்டு, வெண்டைக்காய் மண்டிக் குழம்பு. நார்ச்சத்து நாளுக்கு 25-30 கிராம் வேணும், ஆனா மெல்ல ஏத்துங்க, ஒரே நாள்ல ஏத்துனா காத்து கட்டும்.

வள்ளி: மண்டி போன கல்யாணத்துல ரெண்டாம் பந்திக்கே இல்ல

சோலை: அதை இப்ப எதுக்கு வள்ளி ஆச்சி

உமையாள்: எரியுதுங்குறாக

மெய்யம்மை ஆச்சி: இளஞ்சூட்டுத் தண்ணிய அகலமான பேசின்ல ஊத்தி 10-15 நிமிஷம் உக்கார வையி. டெட்டால் வேணாம், சோப்பும் வேணாம். துணியால ஒத்தி எடு, தேய்க்காத. புதன்கிழமை மணைமேல மெத்தை போட்டு, மணிக்கொருதரம் எழுப்பி நடக்க விடணும்.

வள்ளி: வெள்ளிச் சாமான் சாவி யார்ட்ட?

கண்ணப்பன்: 👍

மெய்யம்மை ஆச்சி: எதுக்கு 👍? நாளைக்கு யாரு வண்டி எடுக்குறீக?

கண்ணப்பன்: காலையில பந்தல்காரர் வாராரு. சாயங்காலம்னா நான்

மெய்யம்மை ஆச்சி: காலையிலதான்.

சோலை: ஐயா நடுவுல எழும்புறதப் பத்தி குருக்கள்ட்ட யாரு சொல்றது?

உமையாள்: சாவி ஐயா தலமாட்டுல