அப்டேட்: கீழ்த்தளம் முழுக்க பார்க்கிங் இருக்கிற 12 மாடி பில்டிங், நிலநடுக்கம் தாங்குமா?

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கீழ சுவரே இல்லாம வெறும் தூண்மேல நிக்குற மாதிரி தெரியுற பில்டிங்ல வீடு வாங்கலாமான்னு கேட்டிருந்தேன், ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க, அதுல "வீட்டு பிளான் போதாது, ஸ்ட்ரக்சுரல் டிராயிங் (தூண், பீம், கம்பி விவரம் இருக்கிற வரைபடம்) வாங்கி வெளி இன்ஜினியர்கிட்ட காட்டுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் கைகொடுத்துச்சு.

பில்டர் முதல்ல இழுத்தடிச்சாரு, எழுத்துல கேட்டதும் குடுத்துட்டாரு. இன்ஜினியர் முதல்ல தேடினது லிஃப்டைச் சுத்தி இருக்கிற ஷியர் வால், அதாவது பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குற கான்கிரீட் சுவர், அது மேலேருந்து அஸ்திவாரம் வரைக்கும் எங்கயும் நிக்காம இறங்குது, அதனால கீழ்த்தளம் மட்டும் பலவீனமா இருக்குமோங்கிற பயம் போச்சு. அப்புறம் தூண்ல நெட்டுக் கம்பிகளைச் சுத்திக் கட்டுற வளையக் கம்பியோட முனை 135 டிகிரி உள்பக்கமா மடங்கியிருக்கான்னு பாத்தாரு, 90 டிகிரின்னா வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிஞ்சிடுமாம். டிராயிங்ல சரியா இருந்துச்சு, ஆனா கட்டி முடிச்ச தூணுக்குள்ள பாக்க முடியாதே, அதனால கம்பி கட்டினப்ப எடுத்த சைட் போட்டோவும் கேட்டு வாங்கினோம். இத நீங்களும் கண்டிப்பா கேளுங்க.

எதிர்பார்க்காதது என்னன்னா, ரெண்டு பிளாக்குக்கு நடுவுல விடுற இடைவெளி. டிராயிங்ல இருக்கு, நேர்ல போய் டார்ச் அடிச்சுப் பாத்தா உடைஞ்ச செங்கல்லும் காஞ்ச சிமெண்டுமா அடைஞ்சு கிடக்கு! இப்படி அடைஞ்சிருந்தா, ஆட்டம் வந்தா ரெண்டு பிளாக்கும் தனித்தனியா அசைய முடியாம முட்டிக்கும், 1985 மெக்சிகோ சிட்டி நிலநடுக்கத்துல இப்படி முட்டியே சேதமான கட்டடங்கள் நிறையன்னு சொன்னாரு. இப்ப அதைச் சுத்தம் பண்ணி, அசைஞ்சு குடுக்கிற மாதிரி மூடி போட்டுட்டாங்க. அதுக்கப்புறம்தான் அட்வான்ஸ் குடுத்தேன்.