டிஇஎம்மை (நில உயர வரைபடம்) 30 மீட்டர் பிக்சலிலிருந்து 90 மீட்டராக்கினால் ஓடுநீர் மாறாமல் வண்டல் ஏன் குறைகிறது?

நொய்யல்மாணவி:
நொய்யல் படுகைக்கு ஸ்வாட் (ஆற்றுப்படுகையின் நீர், வண்டல், சத்துகளைக் கணக்கிடும் மென்பொருள்) மாடல் ஓட்டுகிறேன். 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம்மில் (விண்வெளி ஓடத்தின் ரேடார் அளந்த டிஇஎம்) ஒரு முறை, அதையே 90 மீட்டராக்கி ஒரு முறை. ஓடுநீர் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் வண்டலும் பாஸ்பரஸும் 90-இல் நன்றாக இறங்கிவிட்டன, நைட்ரேட் அசையவில்லை. எதை நம்புவது? 10 மீட்டராக்கிப் பார்க்கச் சொல்கிறார் கைடு.

வாய்க்கால்மேடு:
30-ஐ 10 ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும், புதிதாக ஒரு மேடு பள்ளமும் தெரியாது. கைடிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மற்றது எதிர்பார்த்ததுதான். ஓடுநீரைத் தீர்மானிப்பது கர்வ் நம்பர், அதாவது மழையில் எவ்வளவு ஓடுநீராகும் என்று காட்டும் எண். அது மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் பார்க்கும். நாமாகச் சொன்னால் ஒழியச் சரிவைக் கண்டுகொள்ளாது. மண் அரிப்பிலிருந்து வண்டலைக் கணக்கிடும் மஸ்லி (MUSLE) சமன்பாட்டிலோ சரிவுக்குத்தான் செல்வாக்கு. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஓர் ஓடையின் இரு கரையும் 90 மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் அடங்கிவிடும். எல்லாம் சராசரியாகி, செங்குத்தான இடம் சாதாரணச் சாய்வாகிவிடும். மண் அரிப்பு குறைய, மண்துகளில் ஒட்டிவரும் பாஸ்பரஸும் குறைகிறது. நைட்ரேட் நீரில் கரைந்து போவது, அதனால் ஓடுநீரைப் போலவே மாறாமல் நிற்கிறது. மலைக்கு 30-ஐயே வையுங்கள்.

ஆனால் கோவைக்குள் இறங்கியதும் அதையும் முழுசாக நம்பாதீர்கள். பெரும்பாலான குளக்கரைகள் ஒரு பிக்சலில் பாதி அகலம்கூட இருக்காது. மென்பொருள் குளத்தைப் பள்ளமென்று நிரப்பிவிட்டு, ஓடையை அதன் மேலேயே இழுத்துவிடும். நிஜத்தில் ஆற்றுநீர் அணைக்கட்டில் திரும்பி, ராஜவாய்க்கால் என்னும் பெரிய வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போகிறது. வண்டலில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடும். இதைச் சேர்க்காமல் கீழே வரும் வண்டலைப் பற்றிப் பேசவே முடியாது.

மழைமானி:
டிஇஎம் கிடக்கட்டும், மழை எங்கே எடுத்தீர்கள்?

நொய்யல்மாணவி:
ஐஎம்டி (இந்திய வானிலைத் துறை) கட்டத் தரவு, 0.25 டிகிரி.

மழைமானி:
நினைத்தேன். ஒரு கட்டமே ஏறத்தாழ 750 சதுர கி.மீ., உங்கள் படுகை மொத்தம் சுமார் 3,500. மலையில் கொட்டுவதும் சமவெளியில் தூறுவதும் ஒரே எண்ணாகிவிடும். மலையோர மழைமானிப் பதிவு கிடைத்தால் அதைப் போட்டு ஓட்டுங்கள், ஓடுநீரும் அப்போது அசையும்.

நொய்யல்மாணவி:
சரி. ராஜவாய்க்கால்களை எதிலிருந்து வரைவது?

வாய்க்கால்மேடு:
சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் குளமும் பெரிய வாய்க்காலும் இருக்கும். அதில் கோடு வரைந்து டிஇஎம்மில் பதித்துவிடுங்கள், குளங்களை ரிசர்வாயராகக் கொடுங்கள். கலங்கல் (குளம் நிரம்பி வழியும் இடம்) மட்டத்தை மட்டும் நேரில் போய் அளந்துவிடுங்கள்.