கிளிவெட்டி முகாமில் ஒரு குருவானவரின் ஒரு நாள்: அனுபவப் பகிர்வு

முகாமில் உதவியாளராக இருந்தவர், திருகோணமலை

2007ஆம் ஆண்டில், போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காகத் திருகோணமலை மாவட்டத்தில் இருந்த கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்குச் சென்றுவந்த கத்தோலிக்கக் குருவானவர் ஒருவருக்குச் சில காலம் எழுத்து வேலைகளில் உதவியாக இருந்தேன். அவர் இன்றும் பணியில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். முகாமில் எல்லோருக்கும் அவர் ‘பாதர்’தான்.

அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை போன்ற ஊர்களின் மக்கள். 2006 ஏப்ரலில் நடந்த குண்டுவீச்சுக்கும் ஓகஸ்டில் மூதூரில் அரச படையினருக்கும் புலிகளுக்கும் இடையில் மூண்ட சண்டைக்கும் அஞ்சி வெளியேறி, வெருகலைக் கடந்து வாகரைக்குப் போய், 2007 ஜனவரியில் வாகரையும் படையினர் வசமாகவே மட்டக்களப்பு முகாம்களில் ஒதுங்கி, அங்கிருந்து பஸ்களில் ஏற்றப்பட்டுக் கிளிவெட்டிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். சில வாரங்களில் ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் நம்பியிருந்தார்கள். மே மாத இறுதியில் சம்பூரும் அயல் கிராமங்களும் மக்கள் திரும்பமுடியாத அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதோடு அந்த நம்பிக்கை போய்விட்டது. நான் சொல்லவரும் நாள் அதற்குப் பிந்திய வாரங்களில் வந்த ஒன்று.

விடியற்காலைத் திருப்பலி முடிந்த கையோடு பாதர் புறப்பட்டுவிடுவார். மூதூருக்குப் படகில் போனால் வேளையோடு போகலாம். ஆனால் பொருட்கள் இருந்தால் வானில் கந்தளாய், சேருநுவர வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். அன்று அப்பியாசக் கொப்பிகள், பால்மா, சவர்க்காரம், குழந்தைகளுக்கான உடுப்புகள் ஆகியவற்றுடன் ஒரு பெட்டி கற்பூரமும் சில தேங்காய்களும் இருந்தன. சோதனைச்சாவடி ஒன்றில் எல்லாவற்றையும் இறக்கி, சிங்களத்தில் எழுதிய பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். கொப்பிகளைக்கூட எண்ணினார்கள். கற்பூரப் பெட்டியைத் திறந்த இளம் சிப்பாய், தீப்பற்றும் பொருளை ஒரு பாதிரியார் எதற்காகக் கொண்டுபோகிறார் என்று கேட்டார். முகாமில் உள்ளவர்கள் காளி அம்மனுக்குக் கொளுத்துவதற்கு என்று பாதர் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னதும் அவர் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினார். தாமதம் என்னவோ குறையவில்லை. அந்த நேரம் முழுவதும் பாதர் மரத்தடியில் நின்று, குருக்களின் அன்றாட செபநூலான திருப்புகழ்மாலையை வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கற்பூரத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சம்பூர் மக்களுக்குப் பத்திரகாளி அம்மன்தான் எல்லாம். பாதர் முதன்முதலில் முகாமுக்கு வந்தபோது முதியவர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால், “எங்கட பிள்ளைகள வேதத்தில சேர்க்கவோ வாறீங்க?” என்று நேரடியாகவே கேட்டுவிட்டாராம். “இல்லை ஐயா, உங்களுக்கு இப்ப என்ன தேவை எண்டு சொல்லுங்க” என்று இவர் கேட்க, தறப்பாள் கொட்டிலுக்குள் வைத்திருந்த அம்மன் படத்துக்குக் கற்பூரம் இல்லை என்று அவர் சொன்னாராம். அன்றிலிருந்து அதுவும் பட்டியலில் சேர்ந்துகொண்டது. முகாமுக்குள் பாதர் ஒருபோதும் செபக்கூட்டம் வைத்ததில்லை. கத்தோலிக்கர்கள் கேட்டால் அவர்களுடைய கொட்டிலுக்குள்ளே செபித்துவிட்டு வருவார். உதவிப் பொருளோடு மதத்தையும் கொண்டு வந்தவர்களும் அந்நாட்களில் இருந்தார்கள் என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தறப்பாளுக்குள் ஒருவரும் இருக்க முடியாத வெயில். வேப்பமரத்தின் கீழ் மேசையைப் போட்டதும் நிரை தொடங்கியது. உலர் உணவு உலக உணவுத் திட்டத்தின் மூலம் வந்துகொண்டிருந்தது. பாதரிடம் வந்தவர்களுக்கு வேண்டியிருந்தவை பெரும்பாலும் கடிதங்களே. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின் பிரதி, நிவாரண அட்டையில் விடுபட்ட பெயர், கிராம சேவகருக்கு ஒரு விளக்கம் என்று நண்பகல் தாண்டியும் எழுதினோம். வயதான ஒருவர் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்த காணி அனுமதிப்பத்திரத்தை எடுத்தார். எங்கோ நனைந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பாதர் பேனாவை வைத்துவிட்டு, விரல் நுனியால் மடிப்பு மடிப்பாகப் பிரித்து, மேசையின் வெயில் பட்ட பக்கத்தில் விரித்து, நான்கு மூலைகளிலும் சிறு கற்களை வைத்தார். அது காயும்வரை அந்த முதியவர் அதன் அருகைவிட்டு அசையவில்லை.

அடுத்து வந்த பெண்ணின் கணவரை முந்திய ஆண்டு யாரோ அழைத்துப்போயிருந்தார்கள். அதன் பின்னர் தகவலே இல்லை. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். வழக்கமான வாசகங்களை நான் எழுதத் தொடங்கியபோது பாதர் தாளை வாங்கிக்கொண்டார். திகதி, நேரம், வந்தவர்கள் பேசிய மொழி, கணவர் அணிந்திருந்த சாரத்தின் நிறம், காலில் இருந்த தழும்பு என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்ன இரண்டு இடங்களைத் திருத்திய பின்னரே கையெழுத்து வாங்கினார். ஒரு கடிதத்துக்கு ஒரு மணித்தியாலம் போய்விட்டதே என்று எனக்கு அப்போது சலிப்பாகத்தான் இருந்தது.

மாலையில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்கு வலி கண்டது. இருட்டினால் வீதியில் போவது சிக்கல் என்பதால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அவரை மூதூர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பகல் முழுவதும் சேர்ட்டோடு வேலை செய்த பாதர் புறப்படும் முன் வெள்ளை அங்கியை அணிந்துகொண்டார். பிரெஞ்சு உதவி நிறுவனமான பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 பணியாளர்கள் 2006 ஓகஸ்ட் 4 அன்று கொல்லப்பட்டது அந்த மூதூரில்தான். அங்கி இருந்தால் பயமில்லையா என்று திரும்பும் வழியில் கேட்டேன். 1990இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகையில் காணாமற்போன யூஜின் ஹேபியர் அடிகளாரையும், முந்திய ஆண்டு காணாமற்போன அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரையும் சொல்லி, “அங்கி வாகனத்த நிப்பாட்டாமல் விடச் செய்யும், அவ்வளவுதான்” என்றார்.

முகாமில் வளர்ந்தவர், சம்பூர்

மேலே எழுதியிருப்பவர் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர். நான் நிரையில் நின்றவள். நிரையில் நிற்பதற்கு எல்லோருக்கும் மனம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஊரில் நெல்லும் மாடும் வைத்திருந்த என் அப்பா ஒரு நாளும் வரவில்லை, அம்மாதான் வந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டியிருந்தது. அடையாள அட்டை இல்லை. விண்ணப்பிக்கப் படமும் இல்லை. எங்களைப் போல் பலர் இருந்ததால் பாதர் நகரத்திலிருந்து ஒரு படப்பிடிப்பாளரை அழைத்துவந்தார். இரண்டு கொட்டில்களுக்கு இடையில் வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டி, அதன் முன்னால் ஒரு கதிரையில் எங்களை மாறி மாறி உட்காரவைத்தார்கள். நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது. அன்று படம் எடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் அதே நீலச் சட்டையோடுதான் இருக்கிறார்கள். அட்டை நேரத்துக்கு வராததால், படத்தை ஒட்டிய உறுதிக் கடிதத்தைக் காட்டித்தான் நான் பரீட்சை எழுதினேன்.

எங்கள் காணி 2015க்குப் பின்னர்தான் கிடைத்தது. அதுவரை எங்களுக்கு எழுதப்பட்ட கடிதங்களின் பிரதிகளை அம்மா ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருந்தார். காணி அலுவலகத்தில் அவற்றுள் மூன்று உதவின. பட்டித்திடல் முகாமில் சிஸ்டர்மார் செய்த வேலைகள் பற்றி எனக்குக் கேள்வி அறிவு மட்டுமே உண்டு. அங்கே இருந்தவர்கள் எழுதினால் நல்லது.