"பதிப்புமாற்றி" வேண்டாம், "பதிப்பமர்த்தி" சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே கணினியில் தொகுப்பியின் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர்) இரண்டு மூன்று பதிப்புகளை வைத்துக்கொண்டு, வெறுமனே ஜிசிசி (சி மொழிக்கான ஒரு தொகுப்பி) என்று தட்டினால் எது ஓட வேண்டும் என்று சொல்லிவைக்கும் கருவிக்கு (டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்) நம் கலைச்சொல் பட்டியலில் "பதிப்புமாற்றி" என்று முன்மொழிந்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மாற்றி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டிஸ்கி என்னும் பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்குப் போக உதவிய எழுத்துரு மாற்றிகள்தாம், உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே வேறொன்றாக வரும். இங்கே எதுவும் வேறொன்றாவதில்லை. ஜிசிசி-9, ஜிசிசி-13 இரண்டும் வட்டில் அப்படியே இருக்கின்றன. வெறும் "மாற்று" இன்னும் சிக்கல், அது பெயர்ச்சொல்லா ஏவலா என்று பட்டியலில் தனியாகப் பார்த்தால் தெரியாது. "இணைப்பி"யும் கூடாது, தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் லிங்கருக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். யுஎஸ்ஆர்/பின் அடைவில் ஜிசிசி ஒரு குறியீட்டு இணைப்பாக (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயராக) இருக்கும். அது ஈடிசி/ஆல்டர்னேட்டிவ்ஸ் அடைவிலுள்ள இன்னொரு இணைப்புக்குப் போகும். அங்கிருந்து உண்மையான கோப்புக்கு. (ஜிசிசிக்கு டெபியன் இதைத் தானாகச் செய்துவைப்பதில்லை, நாம்தான் பதிய வேண்டும்.) கருவி திருப்புவது நடுவிலுள்ள இணைப்பை. மரம் பொதுப்பெயர், பனை சிறப்புப்பெயர் என்று இலக்கணத்தில் படித்தோமே, அதேதான்: ஜிசிசி பொதுப்பெயர், ஜிசிசி-9 சிறப்புப்பெயர். இந்த இரண்டு சொற்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை.

அப்புறம் வினை. நான் சொல்வது "அமர்த்து", அதிலிருந்து கருவிக்குப் "பதிப்பமர்த்தி". பல பேர் இருக்கும் இடத்தில் ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துகிறோம், மற்றவர்கள் எங்கும் போய்விடுவதில்லை. "எந்தப் பதிப்பு அமர்ந்திருக்கிறது?" என்று நிலையையும் கேட்க முடிகிறது. முக்கியமாக, நிறுவுவது வேறு அமர்த்துவது வேறு என்பது புதியவர்களுக்கு உடனே விளங்கும். போன வாரம் ஒருவருக்குப் பழைய சி நிரல் ஒன்று இணைப்புக் கட்டத்தில் "ஒரே மாறிக்குப் பல வரையறைகள்" என்று நின்றுவிட்டது. பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பில் எக்ஸ்டெர்ன் (வரையறை வேறிடத்தில் இருக்கிறது என்னும் குறிச்சொல்) இல்லாமல் மாறியை அறிவித்திருந்தார்கள். 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் எஃப்னோ-காமன் (ஒரே மாறியைப் பல கோப்புகளில் வரையறுப்பதை ஏற்காத விருப்பம்) இயல்பிருப்பு ஆகிவிட்டதால் அது இனி செல்லாது. அவர் ஜிசிசி-9-ஐ நிறுவிவிட்டு "இன்னும் அதே பிழை" என்றார். நிறுவியிருந்தார், அமர்த்தவில்லை! அந்த ஒரு நிரலுக்கு மட்டும் என்றால் எந்தத் தொகுப்பி என்று சொல்லும் சிசி மாறியில் சிறப்புப்பெயரைக் கொடுத்து மேக் (தொகுத்தலை நடத்தும் கருவி) ஓட்டினாலே போதும், அமர்த்தவே வேண்டாம்.

ஜிசிசியை அமர்த்தும்போது ஜி++ (சி++ மொழிக்கான தொகுப்பி) கூடவே வரவில்லை என்றால் சி ஒரு பதிப்பிலும் சி++ வேறொரு பதிப்பிலும் தொகுக்கப்படும். அப்படிக் கூடவே திரும்பும் இணைப்பை ஆங்கிலத்தில் "ஸ்லேவ்" என்கிறார்கள், அதை அடிமை என்று தமிழில் எழுத எனக்கு மனம் வரவில்லை. "உடன்பெயர்" என்று வைப்போம்.

இன்னும் பிடிபடாதது ஒன்று. முன்னுரிமை எண்ணைப் பார்த்துக் கருவியே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு "தன்னமர்வு" என்று யோசித்தேன், ஆனால் "அமர்வு" ஏற்கெனவே செஷனுக்குப் போய்விட்டது. இதற்கு வேறு என்ன வைக்கலாம்?