பாக்டீரியா டிஎன்ஏவைச் சுருக்குவது நெரிசலா, புரதமா?

கோட்டையூரான்:
டியூஷனில் ஒரு பொண்ணு கேட்டாள்: குடல் பாக்டீரியாவான ஈ.கோலையின் டிஎன்ஏ 46 லட்சம் கார இணை, நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர். செல்லின் நீளம் 2 மைக்ரான்தான். யார் சார் மடிச்சு வைக்கிறது? நெரிசல்தான் என்றேன். உள்ளே லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை புரதமும் ஆர்என்ஏவும் அடைந்து கிடக்கின்றன.

பள்ளத்தூர் டீச்சர்:
தம்பி, இது பாதிப் பதில்கூட இல்லை. டிஎன்ஏவோடு ஒட்டும் புரதங்கள் இருக்கின்றன: எச்-என்எஸ் இழைகளுக்கு நடுவே பாலம் போடுகிறது, எச்யூ வளைக்கிறது, கைரேஸ் முறுக்கேற்றுகிறது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் மறைக்கலாமா?

கோட்டையூரான்:
மறைக்கவில்லை டீச்சர், வரிசையை மாற்றுகிறேன். நம்ம கல்யாண வீட்டு அடுப்படியைப் பாருங்க. இரண்டு அண்டாவைச் சற்றே தள்ளி வைத்தால் நடுச் சந்தில் ஆள் நிற்க முடியாது, அந்த இடம் வீண். ஒட்டி வைத்தால் மற்றவர்கள் புழங்க இடம் கூடும். அண்டாவுக்கு அண்டா மேல் ஈர்ப்பு எதுவும் கிடையாது. அண்டா என்பது டிஎன்ஏ இழை, புழங்குபவர்கள் சுற்றியுள்ள புரதங்கள். 1954இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் அசாகுராவும் ஓசாவாவும் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். 1971இல் லெர்மன் என்ற ஆய்வாளர், நெரிசலை உண்டாக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பாலிமரும் உப்பும் கலந்த கரைசலில் டிஎன்ஏ சுருங்குவதைக் காட்டினார். அங்கே எச்-என்எஸ் ஏது?

பள்ளத்தூர் டீச்சர்:
உப்பை ஏன் லேசாகச் சொல்லித் தாண்டுறீங்க? டிஎன்ஏ முழுக்க எதிர்மின்சுமை, தன்னைத்தானே தள்ளும். அதை அடக்காமல் நெரிசல் மட்டும் என்ன செய்யும்?

தேவகோட்டை லேப்:
உயிருள்ள செல்லுக்கே வருவோம். ரிஃபாம்பிசின், அதாவது காசநோய்க்குக் கொடுக்கும் மருந்து, போட்டால் டிஎன்ஏ திரள் விரிகிறது. தூது ஆர்என்ஏ உருவாவது நின்று, அதில் கோத்திருந்த, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் சிதறிவிடுகின்றன. புரத உற்பத்தியை நிறுத்தும் குளோராம்பெனிகால் மருந்து போட்டால் அவை தூது ஆர்என்ஏவிலேயே தேங்கி நிற்கின்றன, திரள் இறுகுகிறது. வெளியிலிருந்து நெருக்குவது தூது ஆர்என்ஏவில் கோத்த ரைபோசோம்கள்தான் என்று இதிலேயே தெரியவில்லையா?

பள்ளத்தூர் டீச்சர்:
குளோராம்பெனிகாலுக்கு வேறு விளக்கமும் உண்டு. சவ்வுப் புரதங்கள் உருவாகும்போதே செல் சவ்வில் செருகப்படுவதால், தூது ஆர்என்ஏ, ரைபோசோம் வழியாக அவற்றோடு கோத்திருக்கும் டிஎன்ஏ வெளிப்புறமாக இழுபடுகிறது. புரத உற்பத்தி நின்றால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

தேவகோட்டை லேப்:
ரிஃபாம்பிசினிலும் அதே பிடி விடுகிறதே டீச்சர். அப்போதும் சுருங்க வேண்டும் இல்லையா? விரிகிறது.

பள்ளத்தூர் டீச்சர்:
சரி, அளவை நெரிசல் தீர்மானிக்கட்டும். ஒழுங்கு? டிஎன்ஏவை ஒழுங்குபடுத்தும் மக்பி (MukB) புரதம் இல்லாத ஈ.கோலை பிரியும்போது டிஎன்ஏவே இல்லாத வெற்றுச் செல்கள் பிறக்கின்றன. நெரிசல் அங்கேயும்தான் இருக்கிறது. அந்தப் பொண்ணிடம் இதையும் சொல்லுங்க தம்பி.